பண்ணைக்குட்டையில் எத்தனை யூனிட் மண்? ஓர் அளவுத் தகராறு பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தூத்துக்குடி மாவட்டத்தின் கரிசல் பகுதியில் ஒரு மானாவாரி விவசாயி தன் பட்டா நிலத்தில் பண்ணைக்குட்டை வெட்டினார். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைப் பிடித்து வைத்து, மழை நின்ற பிறகு மிளகாய்க்குப் பாய்ச்ச வேண்டும் என்பது திட்டம். வெட்டிய மண்ணை வெளியே விற்கவில்லை. பக்கத்தில் இருந்த அவருடைய பள்ளமான புஞ்சையை மேடாக்கக் கொட்டினார்கள்.

வேலையை எடுத்தவர் பழக்கமான காண்டிராக்டர். சில வருடங்களுக்கு முன் இதே விவசாயிக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தவர். அந்த வேலையில் ஒரு பைசா தகராறு வரவில்லை, வரவும் வாய்ப்பில்லை. கிணறு நேரான உருளை. விட்டம் 28 அடி என்றால் வட்டத்தின் பரப்பு 616 சதுர அடி. ஆழம் ஓர் அடி இறங்கினால் 616 கன அடி, அதாவது 6 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல். முதல் அடியும் நாற்பதாவது அடியும் ஒரே அளவு. கயிற்றில் ஆழம் பார்த்தால் பில் முடிந்தது.

அந்த நம்பிக்கையில் குட்டைக்கும் வாய்ப்பேச்சாகவே ஒப்பந்தம் பேசினார்கள். மேலே 100 அடிக்கு 80 அடி. ஆழம் 10 அடி. கரிசல் மண் சரியாமல் நிற்க, ஓர் அடி இறங்கினால் ஒன்றரை அடி உள்ளே வரும்படி நான்கு பக்கமும் சரிவு. அப்படியானால் அடியில் 70 அடிக்கு 50 அடி. வெட்டி, ஏற்றி, கொட்டுவதற்கு யூனிட்டுக்கு 250 ரூபாய். ஒரு யூனிட் என்பது 100 கன அடி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அந்த 100 கன அடியைக் குழியில் அளப்பதா, லாரியில் அளப்பதா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

நான்கு பேர், நான்கு விடை

புரட்டாசி கடைசியில் வேலை முடிந்தது. காண்டிராக்டர் டிரிப் கணக்கைக் கொண்டுவந்தார். 236 நடை, ஒவ்வொன்றும் 3 யூனிட் டிப்பர், ஆக 708 யூனிட், 1,77,000 ரூபாய். "டிரிப் ஷீட் இருக்கு அண்ணாச்சி, டிரைவர் கையெழுத்து இருக்கு. வேற என்ன வேணும்?" என்றார். நடை எண்ணிக்கையில் அவர் பொய் சொல்லவில்லை. விவசாயி வீட்டிலும் ஒரு காலண்டரின் பின்பக்கம் கோடு போட்டு எண்ணியிருந்தார்கள். அதுவும் இரண்டு மூன்று நடை வித்தியாசத்தில் ஒத்துப்போனது.

கோவையில் வேலை பார்க்கும் மகன் போனிலேயே கணக்குப் போட்டார். நீளத்தின் சராசரி 85, அகலத்தின் சராசரி 65, ஆழம் 10. பெருக்கினால் 55,250 கன அடி, 552.5 யூனிட், 1,38,125 ரூபாய். காண்டிராக்டர் கேட்டதற்கும் இதற்கும் கிட்டத்தட்ட 39,000 ரூபாய் வித்தியாசம்.

ஊரில் ரோடு வேலைகளில் மேற்பார்வை பார்த்துப் பழகிய ஒருவர் மூன்றாவது கணக்கைச் சொன்னார். மேல்பரப்பு 8,000 சதுர அடி, அடிப்பரப்பு 3,500. இரண்டின் சராசரி 5,750, ஆழம் 10, ஆக 575 யூனிட்.

நாலாவதாக விவசாயியின் தம்பி மகள், பத்தாம் வகுப்பு மாணவி. அளவியல் பாடத்தில் கூம்பின் இடைக்கண்டம், அதாவது உச்சியை வெட்டி நீக்கிய கூம்பு, வருகிறது. அந்தச் சூத்திரத்தில் வட்டப் பரப்புக்குப் பதிலாகச் செவ்வகப் பரப்பைப் போட்டுப் பார்த்தாள். இரண்டு பரப்பையும் கூட்டி, அவற்றின் பெருக்கலின் வர்க்கமூலத்தையும் சேர்த்து, ஆழத்தால் பெருக்கி மூன்றால் வகுத்தாள். விடை 55,972 கன அடி, ஏறக்குறைய 559.7 யூனிட். நோட்டில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள். பெரியவர்கள் யாரும் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஒப்பந்தத்தில் பேசிய அளவுக்குச் சரியான விடையை எடுத்தால், நான்கில் அதற்கு மிக அருகில் இருந்தது அதுதான்.

பேச்சு முற்றி, காண்டிராக்டர் வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்தினார். அந்த நிலையில்தான் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு, கட்டுமான அளவீட்டுத் தொழிலில் இருக்கும் என்னை அழைத்தார்கள். மழைக்கு அதிக நாள் இல்லை. தண்ணீர் நின்றுவிட்டால் அடியை அளக்க முடியாது, சரிவின் விளிம்பும் கரைந்துவிடும். யார் சொல்வது நியாயம் என்ற பேச்சைத் தள்ளி வைத்துவிட்டு, முதலில் குழியை அளப்பது என்று முடிவானது. காண்டிராக்டருடையது நடைக் கணக்கு, மற்ற மூன்றும் ஒப்பந்தத்தில் பேசிய அளவை வைத்துப் போட்டவை. வெட்டிய குழிக்குள் அதுவரை ஒருவரும் டேப் பிடித்து இறங்கவில்லை.

குழிக்குள் கண்டது

மேல் விளிம்பு 100 அடிக்கு 80 அடி சரியாக இருந்தது. ஆனால் நிலம் சமதளம் இல்லை. கிணற்றுத் திண்டை நிலையான மட்டமாக வைத்து டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்தபோது, வடமேற்கு மூலை தென்கிழக்கைவிட 7 அங்குலம் உயரம் என்று தெரிந்தது. விளிம்பில் ஒரே ஓர் இடத்தில் நின்று ஆழம் பார்த்திருந்தால், எந்த மூலையில் நிற்கிறோமோ அதற்குத் தக்கபடி விடை மாறியிருக்கும். அதனால் நான்கு விளிம்புகளின் சராசரி மட்டத்தைத் தொடக்கமாக எடுத்துக்கொண்டோம்.

அடித்தளத்தில் கட்டம் கட்டமாக 15 இடங்களில் ஆழம் பார்த்தோம். குறைந்தது 9 அடி 1 அங்குலம், அதிகம் 9 அடி 11 அங்குலம், சராசரி 9 அடி 6 அங்குலம். பேசிய 10 அடி எங்குமே இல்லை. காரணம் கண்ணுக்கே தெரிந்தது. ஒன்பதடிக்குக் கீழே சுக்காம்பாறை தட்டியிருந்தது. இயந்திரத்தின் பல் அதைச் சுரண்டியிருந்ததே தவிர, முழுதாக எடுக்கவில்லை.

இங்கே ஒரு சின்ன விஷயத்தை நின்று சொல்ல வேண்டும். எழுதிக்கொண்டு வந்த பையன் 9 அடி 6 அங்குலத்தை 9.6 என்று குறித்திருந்தான். ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். ஆறு அங்குலம் என்றால் 9.5 தான். ஆழத்தில் 0.1 அடி என்பது ஒன்றுமில்லாதது போலத் தெரியும். இந்தக் குழியின் நடுமட்டப் பரப்பு 5,600 சதுர அடிக்கு மேல். அதனால் பெருக்கினால் ஐந்தரை யூனிட் போய்விடும். 9 அடி 11 அங்குலத்தை 9.11 என்று எழுதினால் பிழை எதிர்ப்பக்கம் திரும்பி இன்னும் பெரிதாகும். டேப்பில் அடி அங்குலத்தைப் பார்த்து, கால்குலேட்டரில் தசமத்தை அடிக்கும் எல்லா இடங்களிலும் இது நடக்கிறது.

அடித்தளம் 71.5 அடிக்கு 51.5 அடி. ஆழம் அரையடி குறைந்தபோது, அதே சரிவில் அடி இவ்வளவு அகலமாகத்தான் இருக்க வேண்டும். ஆக, காண்டிராக்டர் சரிவை ஒழுங்காகவே வெட்டியிருந்தார். நடு ஆழத்தில் முளை அடித்து அளந்தபோது 85.75 அடிக்கு 65.75 அடி வந்தது. பக்கங்கள் வயிறு தள்ளாமல் நேராக இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி.

இன்னொன்று, டிப்பர் இறங்கி ஏற விட்டிருந்த ரேம்ப். கிழக்குப் பக்கத்தில் 12 அடி அகலம், நாலடி போனால் ஓரடி இறங்கும் சரிவு. அந்த மண் குழிக்குள்ளேயே நிற்கிறது. ஆளோ மாடோ தவறி விழுந்தால் ஏறி வர வழி வேண்டும் என்று விவசாயி அதை அப்படியே விடச் சொன்னார். நல்ல முடிவு. ஆனால் வெட்டாத மண்ணுக்குக் கூலி கிடையாது என்பதால் அதைக் கழிக்க வேண்டும்.

எந்தச் சூத்திரம், ஏன்

இது கனச்செவ்வகமும் இல்லை, பள்ளிப் புத்தகத்தில் வரும் பிரமிடின் இடைக்கண்டமும் இல்லை. இடைக்கண்டம் என்றால் மேல் செவ்வகமும் கீழ்ச் செவ்வகமும் ஒரே விகிதத்தில் இருக்க வேண்டும். நான்கு பக்கச் சரிவுகளையும் கீழே நீட்டினால் ஒரே புள்ளியில் சேர வேண்டும். இங்கே மேலே 100-க்கு 80, விகிதம் 1.25. திட்டப்படி கீழே 70-க்கு 50, விகிதம் 1.4. சரிவுகளை நீட்டினால் அவை புள்ளியில் சேராது, ஒரு கோட்டில் போய் முடியும். அந்த மாணவியின் விடை 28 கன அடி குறைந்ததற்கு இதுதான் காரணம். கால் யூனிட்டுக்குச் சற்று மேல், நடைமுறையில் பொருட்படுத்த வேண்டியதில்லை.

நான் எடுத்தது மண்வேலையில் பிரிஸ்மாய்டல் சூத்திரம் என்று வழங்குவது. மேல்பரப்பு, அடிப்பரப்பு, நடு ஆழத்தில் உள்ள பரப்பின் நாலு மடங்கு, இந்த மூன்றையும் கூட்டி, ஆழத்தால் பெருக்கி, ஆறால் வகுக்க வேண்டும். திட்ட அளவுக்கு: 8,000 + 4 × 5,525 + 3,500 = 33,600. பத்தால் பெருக்கி ஆறால் வகுத்தால் 56,000 கன அடி.

இந்தச் சூத்திரத்தின் மீது எனக்குள்ள மதிப்புக்கு ஒரு காரணம் உண்டு. நாம் தனித்தனியாக மனப்பாடம் செய்த உருவங்கள் எல்லாம் இதற்குள் அடங்கிவிடுகின்றன. கனச்செவ்வகம், உருளை, பட்டகம் ஆகியவற்றில் மூன்று பரப்பும் சமம். ஆறு மடங்கை ஆறால் வகுத்தால் பரப்பு × உயரம். கூம்பிலும் பிரமிடிலும் உச்சியில் பரப்பு பூச்சியம், நடுவில் அடிப்பரப்பின் கால் பங்கு. கால் பங்கை நாலால் பெருக்கினால் ஒரு முழு அடிப்பரப்பு, அதோடு அடிப்பரப்பு ஒன்று, மொத்தம் இரண்டு. ஆறில் இரண்டு என்றால் மூன்றில் ஒன்று. கோளத்தில் மேலும் கீழும் பூச்சியம், நடுவில் முழு வட்டம், உயரம் விட்டத்தின் அளவு. போட்டுப் பாருங்கள், மூன்றில் நாலு பை ஆர் கனம் வந்து நிற்கும்.

அடிப்பக்கம் சதுரமாக உள்ள பிரமிடின் இடைக்கண்டத்துக்கான கணக்கு எகிப்தில் ஏறக்குறைய 3,800 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. மாஸ்கோ பாப்பிரஸ் என்று அழைக்கப்படும் சுவடியில் அடிப்பக்கம் 4, மேல்பக்கம் 2, உயரம் 6 என்று கொடுத்து, கன அளவு 56 என்று சரியாகக் கண்டிருக்கிறார்கள். நம் குட்டையின் திட்ட அளவும் 56 ஆயிரத்தில் வந்து நின்றது தற்செயல்தான். ஆனாலும் அந்த மாணவிக்குச் சொன்னபோது அவளுக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

தகராறு மூலையில் இருந்தது

சூத்திரத்தைச் சொன்னதும் காண்டிராக்டர் ஏற்கவில்லை. "நாலு எங்கிருந்து வந்துச்சு, ஆறு எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதனால் சூத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு, குழியைத் துண்டு துண்டாகப் பிரித்துக் காட்டினேன்.

நடுவில் 70 × 50 × 10 அளவில் ஒரு பெட்டி. அது 35,000 கன அடி. நான்கு பக்கமும் ஆப்பு வடிவத்தில் சரிவுகள். ஒவ்வொன்றின் முகமும் 15 அடி அடித்தளமும் 10 அடி உயரமும் கொண்ட முக்கோணம், பரப்பு 75 சதுர அடி. நீளப்பக்கம் இரண்டும் சேர்ந்து 10,500. அகலப்பக்கம் இரண்டும் 7,500. இதுவரை 53,000. இந்த இடம் வரை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

மிச்சம் நான்கு மூலைகள். ஒவ்வொரு மூலையிலும் மேலே 15-க்கு 15 சதுரம், கீழே பத்தடி ஆழத்தில் ஒரு புள்ளி. தலைகீழாக நிற்கும் பிரமிடு. இதை முழுப் பெட்டியாக எடுத்தால் 2,250 கன அடி. இதில் எத்தனை பங்கு வெட்டிய மண்? மகனுடைய கணக்கைத் துண்டு போட்டுப் பார்த்தால் மூலைக்குக் கால் பங்கு வருகிறது. மேற்பார்வையாளர் கணக்கில் அரைப்பங்கு. உண்மையில் மூன்றில் ஒரு பங்கு, 750 கன அடி. நான்கு மூலைக்கும் 3,000. மொத்தம் 56,000. மற்ற எல்லாத் துண்டுகளிலும் இந்த மூன்று முறைகளும் ஒரே விடையைத்தான் தருகின்றன. மூலையில் மட்டும் பிரிகின்றன. மகன் 750 குறைத்ததும், மேற்பார்வையாளர் 1,500 கூட்டியதும் அங்கேதான்.

மூன்றில் ஒன்று என்பதை அவரே பார்க்கட்டும் என்று, மாணவி அட்டையில் இரண்டு உருவம் செய்தாள். ஒன்று 15 செ.மீ. சதுரமும் 10 செ.மீ. உயரமும் கொண்ட பெட்டி. மற்றது அதே சதுர வாயும், ஒரு மூலைக்கு நேர் கீழே 10 செ.மீ.-இல் கூர்முனையும் கொண்டது. குழியின் மூலை அச்சாக அப்படித்தான் இருக்கிறது. கூர் உருவத்தில் கேழ்வரகை நிரப்பி, விளிம்போடு வழித்து, பெட்டியில் கொட்டினார் காண்டிராக்டர். முதல் தடவை கொட்டியதும் பெட்டியில் பாதிகூட வரவில்லை. இரண்டாவது. மூன்றாவது கொட்டியதும் பெட்டி விளிம்பு தட்டியது, கொஞ்சம் கேழ்வரகு மட்டும் அட்டையின் இடுக்கில் சிந்தியது. "சரி, மூணுல ஒண்ணுதான்" என்றார். அதற்குப் பிறகு சூத்திரம் பற்றிய பேச்சு எழவில்லை.

உள்ளபடி அளந்த அளவுகளுக்கு அதே கணக்கைப் போட்டதில் 54,205 கன அடி வந்தது. ரேம்ப்பில் வெட்டாமல் நிற்கும் மண்ணின் பக்கத் தோற்றம் ஒரு முக்கோணம். ரேம்ப்பின் அடிமுனை விளிம்பிலிருந்து 38 அடியில் இறங்குகிறது, சாதாரணச் சரிவின் அடிமுனை 14.25 அடியில். இடைப்பட்ட 23.75 அடி அடித்தளம், 9.5 அடி உயரம், 12 அடி அகலம். அது 1,354 கன அடி. கழித்தால் 52,851 கன அடி, அதாவது 528.5 யூனிட்.

சூத்திரங்களுக்குள் நடந்த சண்டை மொத்தமே 22 யூனிட். ஆழத்தில் குறைந்த அரையடி மட்டும் 18 யூனிட், ரேம்ப் 13 யூனிட். டேப் பிடிக்காமல் போட்ட கணக்கில் இந்த இரண்டும் வரவே வராது.

708 எப்படி 528 ஆனது

காண்டிராக்டருக்கு இப்போதும் ஒரு நியாயமான கேள்வி இருந்தது. குழியில் 528 யூனிட்தான் என்றால், டிப்பரில் 708 யூனிட் எப்படிப் போயிற்று?

முதலில் டிப்பர். வேறொரு வேலையில் ஓடிக்கொண்டிருந்த அதே வண்டியின் பெட்டியை அளந்தோம். உள்ளளவு 13 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம். கனச்செவ்வகம், 273 கன அடி. மூன்று யூனிட் என்று பெயரே தவிர, மட்டமாக நிரப்பினால் 2.73 தான். குவித்து ஏற்றினால் மேலே நாலு பக்கமும் சரிந்த கூரை போல ஒரு குவியல் நிற்கும். ஓர் அடி உயரக் குவியலுக்கு 37 கன அடி கூடும், மொத்தம் 310. சில நடை குவியலாக, சில நடை மட்டமாகப் போயிருக்கும் என்று வைத்து, நடைக்கு 290 கன அடி என்று எடுத்தோம். 236 நடைக்கு ஏறக்குறைய 684 யூனிட்.

டிப்பரில் போகாமல் மாட்டுத் தொழுவத்துக்கென்று ஒதுக்கிய ஒரு மண்குவியலும் இருந்தது. கூம்பு வடிவம். குவியலின் நடுவுக்குள் டேப் போகாது என்பதால் வெளியிலிருந்தே அளக்க வேண்டும். சுற்றளவு 66 அடி, ஆகவே ஆரம் 10.5 அடி. அடியிலிருந்து உச்சிவரை சரிவோடு பிடித்தால் 12.6 அடி. பிதாகரஸ் தேற்றப்படி உயரம் 7 அடி. மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் 808 கன அடி, 8 யூனிட். ஆக வெளியே வந்த மண் 692 யூனிட். குழியில் இருந்தது 528.5. ஒன்றுக்கு 1.31.

கெட்டியாக இருந்த மண்ணை வெட்டினால் கட்டிகளுக்கு இடையே காற்று புகுந்து கன அளவு கூடும். களிமண் சார்ந்த மண்ணில் இது முப்பது சதவீதத்தை ஒட்டி இருப்பது சாதாரணம். இதையும் அங்கேயே காட்டிவிட்டோம். குட்டைக்குப் பக்கத்தில் வெட்டாத தரையில், மூன்று பக்கமும் ஓரடியாகக் கடப்பாரையால் ஒரு குழி எடுத்தோம். ஜல்லி அளக்கும் மரப்பெட்டி இருந்தது. ஓரடிக்கு ஓரடி, உயரம் ஒன்றேகால் அடி. குழி மண்ணை அழுத்தாமல் அதில் அள்ளிப்போட்டோம். பெட்டி நிரம்பிய பிறகும் இரண்டு கை மண் வெளியே மிச்சம் இருந்தது. விவசாயி அந்த மிச்ச மண்ணைக் காலால் தள்ளிவிட்டு, "அப்போ இவரு பொய் சொல்லலை" என்றார். அன்று நடந்தவற்றில் பேச்சைத் திருப்பியது அந்த வாக்கியம்தான் என்று நினைக்கிறேன்.

எடுத்த முடிவு

அரசு மண்வேலைகளில் பொதுவாகக் குழியளவில்தான் கூலி கணக்கிடுவார்கள். வெட்டுவதற்குக் கூலி என்றால் குழியளவே நியாயம். ஆனால் காண்டிராக்டர் 250 ரூபாய் சொன்னபோது அவர் மனதில் இருந்தது டிப்பர் யூனிட். டிப்பருக்கு அவர் நடை வாடகை கொடுத்திருக்கிறார், உதிர் மண்ணைத்தான் சுமந்திருக்கிறார். அளவு சொல்வதோடு என் வேலை முடிந்தது. விலையை அவர்களே பேசினார்கள், ஊர்ப் பெரியவர் ஒருவர் உடன் இருந்தார்.

அளவு 528.5 யூனிட், குழியளவு என்று இரு தரப்பும் கையெழுத்திட்டன. ஒப்பந்தத்தில் தெளிவு இல்லாததால் விலையை 250-இலிருந்து 290 ஆக உயர்த்தினார்கள். 1,53,265 வந்தது, 1,53,000 என்று முடித்தார்கள். மகனுக்குத் திருப்தி இல்லை. அவர் போட்ட கணக்கைவிட 15,000 ரூபாய் அதிகம் போனது. காண்டிராக்டருக்கு 24,000 குறைந்தது. என் கருத்தில் விலையை உயர்த்தியது சரி. இல்லாவிட்டால் தெளிவில்லாத பேச்சின் சுமை முழுவதும் ஒரு தரப்பின் தலையில் விழுந்திருக்கும்.

தண்ணீர்க் கணக்கு

பணம் தீர்ந்த பிறகுதான் பெரிய விஷயம் வெளியே வந்தது. "16 லட்சம் லிட்டர் பிடிக்கும்" என்று காண்டிராக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர். திட்ட அளவு 56,000 கன அடிக்கு அது பொருந்தும். அதை நம்பி விவசாயி இரண்டு ஏக்கர் மிளகாய்க்குத் திட்டம் போட்டிருந்தார்.

உள்ளபடி விளிம்பு வரை நிரம்பினால் 15 லட்சம் லிட்டர். ஆனால் விளிம்பு வரை நிரப்பக் கூடாது. கரை உடையாமல் இருக்க ஒன்றரை அடி விட்டு வழிந்தோடி வைக்க வேண்டும். அப்போது தண்ணீரின் ஆழம் 8 அடி. கன அளவு ரேம்ப் நீங்கலாக 41,482 கன அடி, 11.7 லட்சம் லிட்டர். ஆழத்தில் விட்டது ஆறில் ஒரு பங்குக்கும் குறைவு. தண்ணீரில் போனது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். சரிவுக் குட்டையில் மேல் ஓரடியில் நிற்கும் தண்ணீர் அடி ஓரடியில் நிற்பதைப்போல இரண்டு மடங்கு. உருளைக் கிணற்றில் பழகிய கண்ணுக்கு இது பிடிபடுவதில்லை.

ஒரு ஏக்கரில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்த 3,630 கன அடி வேண்டும், ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல். இரண்டு ஏக்கருக்கு இரண்டு அங்குலம் என்றால் ஒரு தடவைக்கு 4.1 லட்சம். 16 லட்சம் இருந்தால் கிட்டத்தட்ட நாலு தண்ணீர் விடலாம். 11.7 லட்சத்துக்கு மூன்று தண்ணீரே முழுதாக வராது, வெயில் குடிப்பதும் ஊறிப்போவதும் தனி. அவர் மிளகாயை ஒன்றேகால் ஏக்கராகக் குறைத்துக்கொண்டார். மீதியில் உளுந்து விதைத்தார்.

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தவுடன் தெரிய, அடித்தளத்தில் ஓர் அளவுக்கல் நட்டு, லிட்டரில் கோடு போட்டோம். 2 அடியில் 2.2 லட்சம், 4 அடியில் 4.8, 6 அடியில் 8, 8 அடியில் 11.7. பாதி உயரத்தில் பாதித் தண்ணீர் இல்லை, ஐந்தில் இரண்டு பங்குதான் என்பதை இந்தக் கல் சொல்லிவிடும்.

அந்த மழைக்காலத்துக்குப் பிறகு

குட்டை ஏழடிக்குச் சற்று மேல் நிரம்பியது. மாசியில் வற்றத் தொடங்கியபோது விவசாயி கல்லைப் பார்த்து, ஒரு தண்ணீர் விடும் அளவுக்கு மேல் இருக்கிறதா என்று கணக்கிட்டுத்தான் மோட்டாரைப் போட்டார். மிளகாய் கடைசிப் பறிப்பு வரை தாங்கியது.

கோடையில் முழுதாக வற்றியதும் அடியில் நாலு அங்குலம் வண்டல் படிந்திருந்தது. அடிப்பரப்பு 3,682 சதுர அடி என்பதால் இது 12 யூனிட் மண், 35,000 லிட்டர் கொள்ளளவு. வண்டலை அள்ளி வயலில் போட்டார்கள். தெற்குச் சரிவில் ஓரிடத்தில் மண் இறங்கியிருந்தது, அங்கே மட்டும் புல் நட்டார்கள். தூர் எடுக்க வந்தது அதே காண்டிராக்டர்.

மாற்ற வேண்டியவை

வெட்டும் முன் தரை மட்டம் எடுத்திருக்க வேண்டும். இந்த ஆய்வில் உள்ள பெரிய குறை இதுதான். நான்கு விளிம்புகளின் மட்டம் கிடைத்தது. நடுவில் மேடு இருந்ததா, பள்ளம் இருந்ததா என்பது மண்ணோடு போய்விட்டது. நடுவில் நாலு அங்குலம் மேடோ பள்ளமோ இருந்திருந்தால்கூட 528.5 என்ற எண் பல யூனிட் நகர்ந்திருக்கும். கையால் வெட்டும் வேலைகளில் அங்கங்கே மண் தூண்களை வெட்டாமல் விட்டு, அளந்த பிறகு எடுப்பார்கள். இயந்திர வேலையில் அது சிரமம். அதனால் முன்கூட்டியே கட்டம் போட்டு மட்டம் எழுதி வைப்பதுதான் வழி.

ஒப்பந்தத்தில் "யூனிட்டுக்கு இவ்வளவு, குழியளவில்" என்றோ "டிப்பர் உள்ளளவில்" என்றோ ஒரு சொல் எழுத வேண்டும். டிப்பர் அளவு என்றால் முதல் நடைக்கு முன்பே பெட்டியை அளந்து, மட்டமாகவா குவியலாகவா என்பதையும் எழுதிவிட வேண்டும். ரேம்ப்பைக் கழிப்பதா என்பதையும் அப்போதே பேசலாம். பாறை தட்டினால் எந்த ஆழத்தில் நிறுத்துவது, மிச்ச ஆழத்துக்கு என்ன கூலி என்பதையும்தான். இந்த வேலையில் சுக்காம்பாறை தட்டிய அன்று காண்டிராக்டர் போன் செய்திருந்தால், விவசாயி அங்கேயே நிறுத்தச் சொல்லி, மேல் விளிம்பைச் சில அடி அகட்டியிருப்பார். அந்தச் செலவில் தண்ணீர் கூடுதலாகவே கிடைத்திருக்கும்.

இப்போது அந்தக் காண்டிராக்டர் குட்டை வேலை பேசும்போது, மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்தில் டேப் பிடித்துத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறார். டிரிப் ஷீட்டையும் விடவில்லை, டிப்பர் வாடகைக்கு அது வேண்டும் என்கிறார்.